மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியுமா?

சமாளிக்கலாம். தனிமையை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள் என்றால், அங்கே கிடைக்காத பொருளே அதுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். 2014-லிருந்து மூன்று வருடம் வடக்கே ஒரு தீவில் கணக்கு வாத்தியார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பத்து நிமிட நடை. (ரிசார்ட்டில் நான்கு நாள் தங்கியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சுமார் 1,200 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. நான் சொல்வது அவற்றில் ஒன்றை.)

முதல் மாதம் பள்ளி விட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே தலைகாட்டினால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ‘எங்கே போகிறாய்?’ நம் ஊரில் கிளம்பும்போது அப்படிக் கேட்டால், போகிற காரியம் விளங்காது என்று திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். பத்து நிமிடத் தீவில் எங்கேதான் போய்விடப் போகிறேன்? அது விசாரணை இல்லை, அவர்களுடைய வணக்கம் என்று புரியவே பல வாரம் ஆனது.

அப்புறம் ஜோலி. எங்கள் ஊரில் ஜோலி என்றால் வேலை. அங்கே ஜோலி என்பது இரும்புச் சட்டத்தில் கயிற்றை வலைபோல் பின்னிய இருக்கை. ஒரு ஜோலியும் இல்லாமல் சாய்ந்து கிடப்பதற்கென்றே தெருவோரம் போட்டிருப்பார்கள். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பக்கத்து ஜோலியைத் தட்டிக் காட்டி, பாக்குச் சீவலை நீட்டினார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். உடனே ‘வெங்காயம்!’ என்கிற மாதிரி கையைக் குவித்துக் காட்டிச் சிரித்தார். தூத்துக்குடித் தோணியில் தலைநகர் மாலேக்குச் சரக்கு போகும் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போய்க் கருத்த மரக்கட்டை மாதிரி ஒன்றை எடுத்துவந்தார். மாசிக் கருவாடு! அம்மா சம்பலுக்கு உரலில் இடிக்கிற அதே மாசி. அவர்கள் பாஷையில் மீனுக்கே ‘மஸ்’ என்றுதான் பெயர். மறுநாளிலிருந்து நானும் ஜோலியில்தான்.

சாப்பாடும் அப்படியே பழகிவிட்டது. காலையில் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்த சூரை மீன், கூட ரொட்டி. சைவம் என்றால் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஆறாத எரிச்சல் தீவின் மேல் இல்லை, காசின் மேல். சம்பளம் அந்த நாட்டுக் காசான ருஃபியாவில். டாலருக்கு 15.42 என்பது அதிகாரபூர்வ விலை. அந்த விலைக்கு என் வங்கியில் மாதம் கொஞ்சம்தான் கிடைக்கும்; மீதியை வெளியே கூடுதல் கொடுத்து வாங்கித்தான் வீட்டுக்கு அனுப்பினேன். இங்கே மாமாவோ, “டாலர்ல சம்பளம் வாங்குறவனுக்கு என்னப்பா” என்று தங்கச்சி கல்யாணச் செலவை என் தலையில் கட்டினார். இன்றுவரை நான் கஞ்சன்தான் அந்த வீட்டில்.

ஒப்பந்தத்தில் சம்பளம் எந்தக் காசில் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புளி ஒரு கிலோ எடுத்துப் போங்கள், உங்களுக்கு மட்டும் என்று கணக்குப் போடாதீர்கள்.