வீட்டுச் சாமான்களை எடுத்து வைத்தால் அது சிற்பமாகிவிடுமா? அப்படியென்றால் நானும் செய்யலாமே?

செய்யலாம். நான் செய்து பார்த்தேன், சொதப்பினேன், அப்புறம் இன்னொன்று செய்தேன், அது ஓரளவு தேறியது. அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன். கலை படித்தவன் இல்லை, ஓய்வு கிடைத்தால் எதையாவது ஒட்டிக்கொண்டும் துளை போட்டுக்கொண்டும் இருக்கிற ஆள், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர் ஒரு கண்காட்சியில் நாற்காலியும் வாளியும் கரண்டியுமாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "உளியைத் தொடவில்லை, களிமண்ணைத் தொடவில்லை, கடையில் வாங்கியதை அப்படியே வைத்துப் பக்கத்தில் ஒரு பெயர் அட்டை ஒட்டினால் கலையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கோபம்தான். ஆனால் இந்தக் கோபத்துக்கு வயது நூறுக்கு மேல் ஆகிவிட்டது. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1913ல் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சமையலறை முக்காலியின் மேல் தலைகீழாகச் செருகி வைத்தார், அடுத்த வருஷம் பாரிஸ் கடையொன்றில் பாட்டில் காய வைக்கும் இரும்புச் சட்டகத்தை வாங்கி அப்படியே வைத்துக்கொண்டார். 1915ல் அவர் நியூயார்க் போன பிறகு, அவருடைய தங்கை பாரிஸில் இருந்த அறையைச் சுத்தம் செய்தபோது இரண்டையும் குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டார். எனக்கு அந்தத் தங்கைமேல் கோபமே வராது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். துஷாம்ப் 1917ல் ஒரு கண்காட்சிக்கு அனுப்பிய பீங்கான் சிறுநீர்த் தொட்டி இன்னும் பிரபலம், அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

என் கதைக்கு வருகிறேன். முதலில் செய்தது ஒரு பறவை, ஸ்பூன்களால். எவர்சில்வர் ஸ்பூனில் துளை போடுவது நினைக்கிற மாதிரி சுலபமில்லை. வளைவான பரப்பில் டிரில் பிட் வழுக்கிக்கொண்டு ஓடும், அதனால் முதலில் சென்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிச் சின்னக் குழி விழ வைக்க வேண்டும், அதற்குப் பிறகும் வேகமாகச் சுற்றினால் உலோகம் சூடாகி இறுகி பிட்டின் முனைதான் மழுங்கும், மெதுவாகச் சுற்றி, நன்றாக அழுத்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போட்டால்தான் இறங்கும். பசையும் அப்படித்தான். பளபளப்பான பரப்பில் எதுவும் நிற்காது, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் எபாக்சி பிடிக்கும். இதையெல்லாம் ஒவ்வொரு ஸ்பூனாகக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். மூன்று வாரம். குழிந்த பக்கம் இறகு, காம்பு வால், ஒரு முள்கரண்டி காலாக. பார்த்தவர்கள் எல்லோரும் "அட, ஸ்பூனா!" என்றார்கள். அதற்குமேல் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் உட்பட. விடை தெரிந்துபோன விடுகதை மாதிரி ஆகிவிட்டது.

ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை. வேலைப்பாடு இருந்தது, பொறுமை இருந்தது, பறவை பறவை மாதிரியே இருந்தது. பிறகுதான் தோன்றியது, பறவையாகத் தெரிந்த நிமிஷத்திலேயே ஸ்பூன் செத்துப்போய்விட்டது. அது வெறும் வளைந்த தகடு. அந்த இடத்தில் எந்தத் தகட்டை ஒட்டியிருந்தாலும் சரிதான். அப்படியானால் ஸ்பூன் எதற்கு?

சரி, இப்போது அமெரிக்கக் கலைஞர் மேன் ரேயின் இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். 1921, பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி திறக்கிற நாள். போய் ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டி வாங்கினார், கொஞ்சம் சிறு ஆணிகளும் பசையும் வாங்கினார், பெட்டியின் அடிப்பக்கத்தில் நடுவாக ஒரே வரிசையில் 14 ஆணிகளை, கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டினார். அவ்வளவுதான் வேலை, அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பெயர் 'பரிசு'. அன்றைக்கே யாரோ அதைத் திருடிக்கொண்டும் போய்விட்டார்கள், இன்று மியூசியங்களில் இருப்பவை பிறகு செய்த பிரதிகள். என் பறவைக்கு மூன்று வாரம், இதற்கு அரைமணி, ஆனால் இதன் புகைப்படத்தைப் பார்த்தாலே எனக்குத் துணி கிழிகிற சத்தம் கேட்கிறது. காரணம், நான் இஸ்திரி போட்டிருக்கிறேன். அந்தக் கனத்தை முன்னே தள்ளி இழுக்கிற அசைவு என் மணிக்கட்டில் இருக்கிறது. மேன் ரே இரும்பில் வேலை செய்யவில்லை, என் மணிக்கட்டில் வேலை செய்திருக்கிறார்.

இதுதான் நான் சொல்ல வந்தது. இந்த மாதிரிச் சிற்பத்தில் மூலப்பொருள் எஃகோ பிளாஸ்டிக்கோ இல்லை, அந்தச் சாமானோடு பார்க்கிறவருடைய உடம்புக்கு ஏற்கெனவே இருக்கிற பழக்கம். கல்லுக்கும் களிமண்ணுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது, அதனால் சிற்பி எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும். கரண்டிக்கு இருக்கிறது. பாதி வேலையை நாம் குழந்தையிலிருந்து தினமும் செய்து வைத்திருக்கிறோம்.

மெரட் ஓப்பன்ஹைம் என்ற பெண் கலைஞர் 1936ல் ஒரு கோப்பை, சாசர், ஸ்பூன் மூன்றையும் மான் ரோமத்தால் போர்த்தினார், அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. கஃபேயில் பிக்காசோவோடும் டோரா மாரோடும் பேசிக்கொண்டிருந்தபோது ஓப்பன்ஹைம் போட்டிருந்த ரோம வளையலைப் பார்த்து, எதை வேண்டுமானாலும் ரோமத்தால் மூடிவிடலாம் போலிருக்கிறதே என்று பேச்சு வர, இந்தக் கோப்பையைக்கூட மூடலாம் என்று இவர் சொன்னதிலிருந்து பிறந்ததாம். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, உதட்டால்தான் பார்க்க முடியும். ரோமம் நனைந்து, சூடாக, நாக்கில் ஒட்டுகிற மாதிரி... போதும், எழுதும்போதே முகம் சுளிக்கிறது. ரோமமும் அழகான பொருள், கோப்பையும் அழகான பொருள், இரண்டையும் தனித்தனியாகத் தொட எல்லோருக்கும் பிடிக்கும்.

மோனா ஹாட்டூம் இதையே இன்னும் தூரம் கொண்டு போகிறார். பெய்ரூட்டில் பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்தவர், 1975ல் லண்டன் வந்த நேரத்தில் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்து, திரும்பிப் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர். 1999ல் செய்த ஒன்றுக்குப் பெயர் 'வீடு'. நீண்ட மேசை, அதன்மேல் சல்லடை, துருவி, கத்தரி மாதிரியான சமையலறைச் சாமான்கள், எல்லாவற்றையும் கிளிப் போட்டு மின்கம்பியால் இணைத்திருக்கிறார். சாமான்களுக்குள் சின்ன பல்புகள் மங்கிப் பிரகாசித்து மங்குகின்றன, மின்சாரம் ஓடுகிற ரீங்காரம் ஒலிபெருக்கியில் கேட்கிறது, கிட்டே போக முடியாதபடி முன்னால் கம்பி வேலி. 2002ல் காய்கறி துருவுகிற மடக்குத் துருவியை இரண்டு மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கி, அறையை மறைக்கிற தடுப்பு மாதிரி நிற்க வைத்தார். துருவியில் விரல் நுனியைச் சீவிக்கொள்ளாதவர் யார் இருக்கிறார்கள்? இங்கே முழு ஆளுக்கும் அந்த பயம் வருகிறது. இது வாங்கி வந்த சாமான் இல்லை, செய்த சாமான், ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

அடுக்கி வைப்பவர்கள் பற்றித்தான் கேள்வி, இல்லையா. இதில் எனக்கு எல்லாம் பிடிக்காது, வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரு சாமானை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தால் எதுவும் பிரமாண்டமாகத்தான் தெரியும், அதில் பாதி பிரமிப்பு எண்ணிக்கைக்குப் போகிறது. ஆனால் நம் நாட்டுக் கலைஞர் சுபோத் குப்தாவின் மண்டையோட்டை நான் அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். 2006ல் செய்தது, வாளியும் பானையும் தூக்குமாக எவர்சில்வர் பாத்திரங்களைக் கோத்து ஒரு ராட்சத மண்டையோடு, மறு வருஷம் வெனிஸில் கால்வாய் ஓரமாக ஓர் அரண்மனைக்கு முன்னால் வைத்திருந்தார்கள். பெயர் 'பெரும்பசிக் கடவுள்' என்று சொல்லலாம். என் ஸ்பூன் பறவையும் இதுவும் ஒரே தந்திரம்தானே என்று கேட்டால், இல்லை. இங்கே பாத்திரம் பாத்திரமாகவே இருக்கிறது, அத்தனையும் காலி. வீட்டில் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கனத்தை வைத்தே தெரிந்துகொள்கிறோமே, அந்தக் காலித்தனம் மண்டையோட்டோடு சேர்ந்துகொள்கிறது.

எண்ணிக்கையிலேயே வேறொரு வகை சோங் டோங் செய்தது. பெய்ஜிங் கலைஞர். 2002ல் அப்பா இறந்த பிறகு அம்மா துக்கத்தில் எதையுமே தூக்கிப் போடாமல் சேர்த்துக்கொண்டே போனார். தட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்தவர், ஏற்கெனவே பல பத்தாண்டுகளாகச் சேர்க்கிற பழக்கம் இருந்தது. மகன் 2005ல் அந்தச் சாமான்கள் அத்தனையையும், பிழிந்து முடித்த பற்பசைக் குழாய், பாட்டில் மூடி, பழைய செருப்பு, துணித்துண்டு, பிளாஸ்டிக் கிண்ணம் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு, ரகம் ரகமாகப் பிரித்துக் கண்காட்சித் தரையில் பரப்பினார், நடுவில் பழைய வீட்டின் மரச்சட்டகமும் உண்டு. அம்மா அங்கேயே இருந்து வந்தவர்களோடு பேசினார். 2009ல் அவர் இறந்துபோனார், அதே வருஷம் அந்தச் சாமான்கள் நியூயார்க்கில் பரப்பப்பட்டன. இதில் சிற்பி எதையும் வளைக்கவில்லை, ஒட்டவில்லை. பிரித்து அடுக்கியதுதான் வேலை. நீங்கள் யாராவது, இறந்தவருடைய அலமாரியைக் காலி செய்து, எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று தரையில் உட்கார்ந்து பிரித்திருந்தால், அது என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னும் குறைவாகவும் செய்யலாம். ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் என்ற கலைஞர் ஒரே மாதிரி இரண்டு சுவர்க் கடிகாரங்களை ஒன்றையொன்று தொடும்படி பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஒரே நேரத்துக்குத் திருப்பி வைத்தார். அவருடைய காதலர் எய்ட்ஸ் நோயில் விழுந்திருந்த காலம். பேட்டரி இரண்டும் ஒரே வேகத்தில் தீராது, நாள் ஆக ஆக நொடி முள்கள் விலகும், ஏதோ ஒன்று முதலில் நிற்கும். காதலர் 1991ல் போனார், இவர் 1996ல். இதை நானும் செய்வேனே என்றால், ஆமாம், இரண்டு கடிகாரமும் இரண்டு ஆணியும் போதும்.

துப்புரவுப் பணியாளர் கழுவிவிட்ட கதைகள் ஞாபகம் வந்து சிலர் சிரிப்பீர்கள். 2011ல் ஜெர்மனியின் டோர்ட்முண்டில், மார்ட்டின் கிப்பன்பெர்கர் என்ற கலைஞரின் மரச்சட்ட அடுக்குக்குக் கீழே இருந்த ரப்பர் தொட்டியில், தண்ணீர் சொட்டிக் காய்ந்த மாதிரி அவர் வேண்டுமென்றே ஏற்படுத்தியிருந்த வெள்ளைப் படிவை ஒரு பணியாளர் கறை என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிட்டார், 8 லட்சம் யூரோவுக்குக் காப்பீடு செய்த பொருள். 1973ல் அதே நாட்டின் லெவர்குசனில் இன்னும் வேடிக்கை, கலைஞர் ஜோசஃப் பாய்ஸ் பிளாஸ்திரியும் கட்டுத்துணியும் ஒட்டி வைத்திருந்த குழந்தைக் குளியல் தொட்டியை, கட்சிக் கூட்டத்துக்காக அது இருந்த மியூசியத்துக்கு வந்தவர்கள் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டார்கள். இதெல்லாம் நவீன கலை மோசடி என்பதற்குச் சாட்சி என்று பகிர்கிறார்கள். எனக்கென்னவோ தலைகீழாகத் தோன்றுகிறது. கறை பிடித்த தொட்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது, அந்தக் கையை நம்பித்தான் அந்தக் கலைஞர்கள் தொட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். வெண்கலத்தில் வார்த்த குதிரைவீரனை யாரும் தப்பாகக் கழுவ மாட்டார்கள்.

என் இரண்டாவது முயற்சியைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் ஒரு அறைக் கதவு உளுத்துப்போய்க் கழற்றினோம். அதன் பித்தளைக் கைப்பிடி மட்டும் நன்றாக இருந்தது, கீழே அழுத்தித் திறக்கிற வகை, பெருவிரல் படுகிற இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. அதை வெட்டவில்லை, பாலிஷ் போடவில்லை. நடையின் கோடியில் இருக்கிற வெறும் சுவரில், படம் மாட்டுகிற மாதிரி கண் உயரத்தில் முதலில் மாட்டினேன். வந்தவர்கள் "பழைய காலத்து வேலை, அழகாக இருக்கிறதே" என்றார்கள், தாண்டிப் போனார்கள். ஒரு வாரம் கழித்துக் கழற்றி, கதவில் இருந்த அதே உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டரில், மறுபடி துளை போட்டு மாட்டினேன். அவ்வளவுதான் மாற்றம். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகிற ஆட்களின் கை தானாக அதன்மேல் போகிறது. பேச்சு மும்முரத்தில் இருப்பவர்கள் அழுத்தியே விடுகிறார்கள், அப்புறம் சுவரைப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றிச் சுண்ணாம்பில் விரல் அழுக்குப் படிந்து ஒரு கறுப்பு வட்டமே விழுந்துவிட்டது. அழுத்தி அழுத்தி, சுவருக்குள் திருகைப் பிடித்திருக்கிற பிளக் தளர்ந்து, மாதம் ஒரு தடவை திருகை முறுக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் பெயின்ட் அடிக்க ஒருவர் வந்திருந்தார். அந்த வட்டத்தை விட்டுவிடச் சொன்னேன், சரி என்றார். போகும்போது கைப்பிடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு?" என்றார். வெளிச்சுவர்தான் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.