வாசகர் கேள்வி: கவுண்டாவும் காந்தியும்

என் தந்தையார் 1970-களில் ஜாம்பியாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டாவை ‘ஆப்பிரிக்காவின் காந்தி’ என்றே கடைசிவரை சொல்லிவந்தார். அப்பட்டம் அவருக்குப் பொருந்துமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பாதி வாழ்க்கைக்குப் பொருந்தும். நியாசாலாந்திலிருந்து (இன்றைய மலாவி) வந்து வட ரொடீசியாவின் (இன்றைய ஜாம்பியா) சின்சாலி அருகே சமயப் பணியாற்றிய ஒரு போதகருக்கு, 1924-இல் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தவர் கவுண்டா. பெற்றோருக்கு மணமாகி இருபதாம் ஆண்டில் பிறந்ததால் ‘எதிர்பாராதவன்’ என்று பொருள்படும் புச்சிஸ்யா என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த அவர், காந்தியடிகளைத் தம் வழிகாட்டியாக வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார்; 1955-இலும் 1959-இலும் சிறை சென்றார். 1961-இல் சாலைகள் மறிக்கப்பட்டுப் பள்ளிகள் எரிக்கப்பட்டதை நினைத்தால், அவர் கட்சியின் போராட்டம் முழுக்க அறவழியில் நடந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் 1964 அக்டோபர் 24 அன்று கிடைத்த விடுதலை, அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால், பேச்சுவார்த்தையால் வந்ததே.

சோதனை அதன் பிறகுதான் வந்தது. துறைமுகத்தைப் பார்த்தே வளரும் கடலூர்க்காரர்களுக்குக் கடலே இல்லாத நாட்டின் தவிப்பு எளிதில் விளங்காது. ஜாம்பியாவின் செல்வம் தாமிரம். அது கப்பலேறுவதற்குத் தெற்கே ரொடீசியாவைக் (இன்றைய ஜிம்பாப்வே) கடந்தாக வேண்டும். 1965 நவம்பரில் அங்குள்ள வெள்ளைச் சிறுபான்மையினர் இயன் ஸ்மித் தலைமையில் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டபோது, அவர்களோடு ஒத்துப்போயிருந்தால் கவுண்டாவுக்கு லாபம், அவர் ஒத்துப்போகவில்லை. 1973-இல் ஸ்மித் மூடிய எல்லையைச் சில வாரங்களில் அவரே திறந்துவிட்ட பிறகும், தம் பக்கத்தை 1978 வரை கவுண்டா திறக்கவில்லை. மாற்று வழியாகச் சீனக் கடனுதவியில் தான்சானியாவின் தார் எஸ் சலாம் வரை 1,860 கிலோமீட்டருக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. தென்னாப்பிரிக்க, நமீபிய, ஜிம்பாப்வே விடுதலை இயக்கங்களுக்குத் தலைநகர் லுசாகாவில் இடமளித்ததற்காகக் குண்டுவீச்சையும் அந்நாடு தாங்கியது. ஆனால் அவர் அடைக்கலம் தந்தவர்களில் ஆயுதம் ஏந்தியவர்களும் இருந்தார்கள் என்பதால், இதைக் காந்தியமென்று நான் சொல்லமாட்டேன். அண்டை வீட்டான் விடுதலைக்குத் தன் வீட்டு உலையைப் பணயம் வைத்த துணிவு என்பேன்.

உள்நாட்டில் கதை வேறு. சின்சாலியில் உடன் வளர்ந்த நண்பரும் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவருமான சைமன் கப்வெப்வே 1971-இல் தனிக்கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டே அக்கட்சி தடைசெய்யப்பட்டு அவரும் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் ஜாம்பியா ஒரே கட்சி நாடாயிற்று. உங்கள் தந்தையார் அங்கே கண்டது பெரும்பாலும் இந்தக் கவுண்டாவைத்தான்.

பிறகு தேர்தலில் தோற்றதும் பதவி விலகினாராமே? நாடற்றவர் என்றும் அறிவிக்கப்பட்டாராமே?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இரண்டும் உண்மை. தாமிர விலை வீழ்ந்து, சோளமாவு விலையேற்றத்தால் கலவரங்கள் வெடித்தபின், 1990 இறுதியில் பல கட்சி முறைக்கு அவர் இணங்கினார். 1991 அக்டோபர் 31 தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் பிரெடரிக் சிலுபாவிடம் பெருந்தோல்வி கண்டு, 27 ஆண்டு வகித்த பதவியை ஓரிரு நாட்களில் ஒப்படைத்தார். அன்றைய ஆப்பிரிக்காவில் இது அரிய காட்சி.

அவர் மீண்டும் போட்டியிட முனைந்தபோது, குடியரசுத் தலைவராகிறவரின் பெற்றோர் இருவரும் ஜாம்பியர்களாக இருக்கவேண்டுமென்று 1996-இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. நியாசாலாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவரை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. 1999-இல் ஒரு நீதிமன்றம் அவரை நாடற்றவர் என்றே தீர்ப்பளித்துவிட்டது. 1962-இல் இந்தியரா, பிரெஞ்சுக்காரரா என்று முடிவெடுக்கப் புதுவை மக்களுக்கு ஆறு மாத அவகாசமாவது இருந்தது. நாட்டை உருவாக்கியவருக்கு அதுவும் இல்லை. அடுத்த ஆண்டு அவருடைய குடியுரிமை உறுதியாயிற்று. 2021 ஜூன் 17 அன்று, 97-ஆம் வயதில், ஜாம்பியக் குடிமகனாகவே லுசாகாவில் இறந்தார்.