18 அடிச் சுவருக்கு நடுவில் பில்லர் வேண்டாமா?

கேள்வி: ஐயா, கொப்பரை கிடங்கு கட்டுகிறோம். ஒரு பக்கச் சுவர் 40 அடி நீளம், 18 அடி உயரம். 6 அங்குல ஹாலோ பிளாக், மேலே ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) வைத்துத் தகர ஷீட். மூலைப் பில்லர் நான்கும் போதும், நடுவில் பில்லரும் பெல்ட்டும் (சுவர் நெடுக ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை) போடுவது வீண்செலவு என்கிறார் மேஸ்திரி. சரிதானா?
– வாசகர் ஒருவர், பொள்ளாச்சி

பதில்: சரியில்லை. வேலையை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

மேஸ்திரி மனதில் வைத்திருப்பது எடையை. அந்தக் கணக்கில் அவர் சொல்வது ஓரளவுக்குச் சரி. கூரை எடைக்குப் பிளாக் நொறுங்காது. ஆனால் உயரமான சுவரைச் சாய்ப்பது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவைப் பக்கத்துக்குக் காற்றுச் சுமைக்கான இந்திய விதிநூல் தரும் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ அழுத்தம். உங்கள் சுவர் முழுக்கச் சேர்த்தால் 6 டன். அத்தனையும் பக்கவாட்டில்.

உடுமலைப் பக்கம் ஒரு தீவனக் கிடங்கு வேலையில் நான் இளம் மேற்பார்வையாளனாக இருந்தேன். 14 அடிச் சுவர், மூலையில் மட்டும் பில்லர், கூரை இன்னும் ஏறவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஆட்களெல்லாம் ஊருக்குப் போயிருந்த இரவில் சுவர் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால், கீழே மூன்று வரி அப்படியே நிற்கிறது. மூன்றாவது வரியின் தலையில் கலவை முழுசாக ஒட்டியிருக்கிறது. விழுந்து கிடந்த நாலாவது வரிக் கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம். கல் தோற்கவில்லை, இணைப்பு விட்டுக்கொடுத்தது. சுவரோரம் ஆட்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகை தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தக் காட்சி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

கலவை அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. படுக்கை இணைப்பு, அதாவது இரண்டு வரிக்கு நடுவே கிடையாக ஓடும் கலவை, திறக்கும்படி சுவர் வளைந்தால் கட்டுவேலைச் சுவருக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 1905 அனுமதிக்கும் இழுவிசை நல்ல கலவைக்கே சதுர மில்லிமீட்டருக்கு 0.07 நியூட்டன்தான். பில்லருக்குப் பில்லர் கிடையாக வளைந்தால் அதுபோல் இரண்டு மடங்கு, 0.14. பில்லரை நெருக்கிப் போடச் சொல்வது இதனால்தான்.

உயரத்தைக் கனத்தால் வகுத்துப் பாருங்கள். 18 அடியை 6 அங்குலத்தால் வகுத்தால் 36. சிமென்ட் கலவைச் சுவருக்கு அதே ஐ.எஸ். 1905 தரும் உச்சவரம்பு 27. அதுவும் எடை தாங்குவதற்கான வரம்பு. காற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆகவே 8 அங்குலப் பிளாக்குக்கு மாறுங்கள். நடுவில் மூன்று பில்லர் போட்டால் 10 அடிக்கு ஒன்று வரும். 9 அடி உயரத்தில் ஒரு பெல்ட், சுவர் தலையில் இன்னொன்று. பெல்ட் கம்பி பில்லருக்குள் போய் மடங்க வேண்டும், பில்லர் முகத்தோடு வெட்டிவிடக் கூடாது. பில்லரிலிருந்து மூன்று வரிக்கு ஒருமுறை 8 எம்.எம். கம்பி விட்டு, சுவர் இணைப்புக்குள் 2 அடி நுழையுங்கள். இந்தக் கம்பி இல்லாவிட்டால் பில்லர் தனி, சுவர் தனி. சுவர் வாங்கும் காற்றெல்லாம் கடைசியில் பில்லரில்தான் இறங்கும். அதனால் பில்லர் அளவு, கம்பி, அஸ்திவாரம் மூன்றையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரே கணக்கிட்டுத் தரட்டும்.

கூரை வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். தகர ஷீட் தானாக எதையும் பிடிக்காது. ட்ரஸ்களுக்கு இடையே குறுக்குக் கம்பி போட்டு முறுக்கியிருந்தால்தான் பிடிக்கும். இரு முனைகளிலும் முக்கோணமாக எழும் சுவர் பக்கச்சுவரைவிட உயரம். அதன் நடுப்பில்லரை உச்சிவரை ஏற்றி ட்ரஸ்ஸோடு போல்ட் போட்டுக் கட்டுங்கள்.

கூரை ஏறும்வரை இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து வையுங்கள். ஒரே நாளில் 5 வரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஆட்கள் தங்கும் கொட்டகை சுவரோரம் இருந்தால் இன்றைக்கே 20 அடிக்கு அப்பால் மாற்றிவிடுங்கள்.