காதல் பாட்டும் சர்க்கரை இல்லாத டீயும்

அன்புள்ள ஐயா,

துருக்கிக் காதல் பாட்டுகளைக் கேட்டு, சொற்களை நோட்டில் எழுதி வருகிறேன். நாற்பது சேர்ந்துவிட்டது. ஆனால் ‘கோஸ்லெரிம்தெ’ மாதிரி பாதிச் சொற்கள் அகராதியிலேயே இல்லை. பாட்டு கேட்டு மொழி படிப்பது வீண் வேலையா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

வீண் இல்லை. சொல்லை உரிக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். ‘கோஸ்’ கண். ‘லெர்’ பன்மை, ‘இம்’ என்னுடைய, ‘தெ’ வேற்றுமை உருபு. என் கண்களில். நாம் முன்னால் வைக்கும் ‘என்’னையும் அவர்கள் வாலில் கட்டிவிடுகிறார்கள். ‘கண்களில்’ நம் அகராதியிலும்தான் கிடையாது.

‘ஸென்ஸிஸ்’ உங்கள் நோட்டில் நிச்சயம் இருக்கும். ‘ஸென்’ நீ, ‘ஸிஸ்’ இன்றி. அதே வாலைச் சர்க்கரையோடு, அதாவது ‘ஷெகெ’ரோடு ஒட்டினால் ‘ஷெகெர்ஸிஸ்’, சர்க்கரை இல்லாதது. உப்பு ‘துஸ்’, அதன் உயிரொலிக்கு இசைந்து வால் ‘ஸுஸ்’ ஆகும்: ‘துஸ்ஸுஸ்’. பிரிவுத் துயரில் கற்றது டீக்கடையில் உதவும்.

அடுத்து ‘கரா ஸெவ்தா’. ஆளை உருக்கிவிடும் காதல். கரா என்றால் கறுப்பு. (கரு, கார் என்று ஆரம்பித்துத் துருக்கியும் தமிழே என அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள்.) ஸெவ்தா அரபியிலிருந்து வந்தது. அங்கே அதற்கும் கறுப்பு என்றே பொருள்; பழைய வைத்தியத்தில் மனச்சோர்வைத் தரும் கரும்பித்தத்தின் பெயர். பித்தம் தலைக்கேறிப் பித்தானவர்கள் நாமும்தானே. எனக்கு மறக்காமல் நின்ற முதல் துருக்கிச் சொல் இதுதான்.

பாட்டில் ‘மிஷ்’ என்று முடியும் வினைகளைக் கவனியுங்கள். ‘கித்தி’ என்றால் போனான், போனாள், போனது எல்லாமே. துருக்கியில் பால் வேறுபாடு இல்லை. ‘கித்மிஷ்’ என்றால் போனதைப் பார்க்கவில்லை, பிறகுதான் தெரிந்தது. யாரோ சொல்லக் கேட்டால் ‘போயிட்டாளாம்’. பூட்டிய கதவைப் பார்த்தால் ‘போயிட்டா போலிருக்கு’. இரண்டுக்கும் ஒரே மிஷ். ஆங்கிலம் வழியாகப் படித்தபோது இது எனக்குப் பிடிபடவே இல்லை. தமிழில் சொல்லிப் பார்த்ததும் சட்டென்று விளங்கிவிட்டது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாட்டில் வலிப்பதெல்லாம் பெரும்பாலும் ‘கோனுல்’, மனம். துருக்கிக்குப் போன இடத்தில் நிஜமாகவே நெஞ்சு வலித்தால் டாக்டரிடம் ‘கல்ப்’ என்று சொல்லுங்கள்.