நினைத்துக்கொண்டே இருந்தால் உயரமும் கண் நிறமும் மாறுமா?

‘சப்ளிமினல்’ ஒலிப்பதிவுகளை (காதுக்குத் தெளிவாகக் கேட்காதபடி செய்திகளை ஒளித்துவைத்த பதிவுகளை) இரவெல்லாம் கேட்டபடி தூங்கினால் உயரம் கூடும், பழுப்புக் கண் நீலமாகும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, மனத்துக்கு அந்தச் சக்தி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் நடத்துபவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகியதுதான்.

கண் நிறம் மாறாது. கண்ணின் நிறமுள்ள வளையமான ஐரிஸில் மெலனின் என்ற நிறமி எவ்வளவு இருக்கும் என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அது சிறுவயதிலேயே ஏறக்குறைய நிலைபெற்றுவிடுகிறது. ஆசைப்படுவதால் அந்த நிறமியைக் கூட்டவோ குறைக்கவோ உடலில் வழியில்லை.

உயரத்தைப் பற்றி அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-இல், ரொட்டியும் ரேஷனில் கிடைத்த ஜெர்மனியில், எல்சி விடோசன் என்ற பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்வாளர், தலா ஐம்பது பிள்ளைகள் அளவில் இருந்த இரண்டு அநாதை இல்லங்களைக் கவனித்துவந்தார். முதல் ஆறு மாதம் இரு இல்லங்களிலும் ஒரே ரேஷன். அடுத்த ஆறு மாதம் ஓர் இல்லத்துக்கு மட்டும் கூடுதல் ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு. ஆனால் கூடுதல் உணவு பெற்ற பிள்ளைகள், பெறாத பிள்ளைகளைவிடக் குறைவாகவே வளர்ந்தார்கள். காரணத்தைத் தேடியபோது, கூடுதல் உணவு பெறாத இல்லத்தில் முன்பு இருந்த கடுகடுப்பான மேட்ரன் (இல்லப் பொறுப்பாளர்) ஒருவர், உணவு கூடிய அதே சமயத்தில், தற்செயலாகக் கூடுதல் உணவு பெற்ற இல்லத்துக்கு மாறியிருந்தது தெரியவந்தது. சாப்பாட்டு நேரம் பார்த்து எல்லோர் முன்னிலையிலும் பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பது அவர் வழக்கம்; திட்டி முடிக்கும்போது சிலர் தட்டின் முன் அழுதுகொண்டிருப்பார்களாம். அவர் தம்மோடு அழைத்துச்சென்ற எட்டுச் செல்லப்பிள்ளைகள் மட்டும் நன்றாக வளர்ந்தார்கள் என்பதுதான், எனக்கு, இந்த ஆய்வின் மிக உறுத்தலான பகுதி. முடிவுகள் 1951-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன.

இதற்கான உடலியங்கியல் விளக்கம் பின்னர் கிடைத்தது. கொடுமையான வீட்டுச் சூழலில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் சிலரிடம் வளர்ச்சி ஹார்மோன் சரியாகச் சுரக்கவில்லை என்றும், வீட்டிலிருந்து வேறிடத்துக்கு மாற்றியதும் ஹார்மோன் ஊசி எதுவும் போடாமலே அவர்கள் மளமளவென்று வளர்ந்தார்கள் என்றும் 1967-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்தனர். அச்சம் மூளையின் ஹைப்போதாலமஸைத் தொட, அது வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தொட, எலும்பு வரை அதன் விளைவு போய்ச் சேருகிறது. ஆக, மனநிலை உயரத்தைப் பாதிக்கும். ஆனால் பிள்ளைகள் யாரும் குட்டையாக வேண்டும் என்று நினைத்து அப்படி ஆகவில்லை. நாம் விரும்புவது வேறு, நாம் வாழும் மனநிலை வேறு. உடல் பெரும்பாலும் இரண்டாவதற்கே செவிசாய்க்கிறது.

விருப்பம் பலிக்கும் இடமும் உண்டு, அது நரம்பு ஆளும் இடம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டுவிரலை முழு வலுவோடு பக்கவாட்டில் விரிப்பதாகப் பன்னிரண்டு வாரம் மனத்தில் மட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு அந்த விரலின் வலு 35 சதவீதம் கூடியது. தசைக்கு மூளை அனுப்பும் கட்டளை வலுப்பெற்றதே இதற்குக் காரணம் என்றார்கள். ஜிம்முக்குப் போகாமல் புஜம் புடைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

நரைமுடி கொஞ்சம் விந்தையானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2021-இல் பதினான்கு பேரின் முடிகளை நுணுக்கமாக ஆராய்ந்தபோது, ஒருவர் விடுமுறையில் இருந்த காலத்தில் அவருடைய ஐந்து முடிகள் மறுபடியும் கருத்திருந்தன. பல வருடமாக வெளுத்திருக்கும் தலைக்கு இது பொருந்தாது என்பதை ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வயதைக் குறிப்பிடவில்லை. பதின்ம வயதில் இருந்து, வளர்ச்சி குறைவு என்ற கவலை இருந்தால் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மூடிவிட்ட தட்டை எந்த ஒலிப்பதிவும் திறக்காது. திறந்திருக்கும் வயதில் ஹெட்போனோடு கண்விழித்திருப்பதோ, ஆழ்ந்த உறக்கத்தில் அதிகம் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனைத்தான் கெடுக்கும்.