கணினியில் பழைய தமிழ்ப் பாட்டுகளைக் கேட்க நல்ல இலவச, கட்டற்ற மென்பொருள் எது?

எட்டாயிரம் எம்பி3 இருக்கிறது, எந்த பிளேயரில் திறந்தாலும் பாதிப் பாட்டு 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற ஒரே தலைப்பில் போய்க் குவிந்துவிடுகிறது என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். பாட்டு பாடினால் போதும் என்றால் வி.எல்.சி.யே போதும். உங்கள் பிரச்சினை அடுக்கி வைப்பது. அதற்கு என் பதில் குவாட் லிபெட்.

குவிவதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலான பிளேயர்களின் அலமாரி 'கலைஞர், அவருடைய ஆல்பம்' என்ற கணக்கில் செய்தது. ஒரு பாடகர், ஒரு தட்டு, அதில் பத்துப் பாட்டு. நம் சினிமாப் பாட்டில் படம் ஒன்று, பாட்டு ஆறு, பாடியவர்கள் ஏழெட்டுப் பேர். ஒரே ஆல்பத்தில் இத்தனை பெயரா என்று பார்த்த பிளேயர், 'பலர்' என்று எழுதி மூட்டை கட்டிவிடுகிறது. நாமோ பாடகரை வைத்து மட்டும் பாட்டைத் தேடுவதில்லை. இளையராஜா பாட்டு என்போம், கண்ணதாசன் பாட்டு என்போம்.

என் வீட்டில் இது அப்பாவால் வந்த தலைவலி. அவரிடம் இருந்தது 'ஒரே சிடியில் 150 பாடல்கள்' காலத்துச் சேமிப்பு. அப்புறம் மொபைல் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் ஏற்றியது, நான் இறக்கிக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம். ஒருநாள் "வாலி எழுதினத மட்டும் வரிசையா போடுடா" என்றார். அப்போது நான் வைத்திருந்த பிளேயர் ஸ்ட்ராபெரி. அமரோக் 1.4 என்ற பழைய பிளேயரிலிருந்து கிளெமென்டைன், அதிலிருந்து 2018-இல் பிரிந்து வந்த ஸ்ட்ராபெரி என்று நல்ல பரம்பரை. இசையமைப்பாளர் வாரியாக அடுக்கவும் செய்யும். பாடலாசிரியருக்கு மட்டும் அதில் இடம் இல்லை.

குவாட் லிபெட்டில் இருக்கிறது. பைத்தானில் எழுதிய, ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் வரும் மென்பொருள், 2004 முதல் இருக்கிறது. உங்கள் பாட்டை எப்படி அடுக்குவது என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும் என்பது அதைச் செய்தவர்களின் கொள்கை. (பெயர் லத்தீன், 'உன் இஷ்டம் போல' என்று பொருள். பல மெட்டுகளைக் கோத்துச் செய்யும் ஒரு மேற்கத்திய இசை வடிவத்துக்கும் இதே பெயர்.) வியூ மெனுவில் பேன்டு பிரவுசர் என்று ஒன்று வரும். மேலே பக்கம் பக்கமாகப் பத்திகள், கீழே பாட்டுப் பட்டியல். எந்தப் பத்தியில் எது என்பதை நாமே முடிவு செய்யலாம். என்னுடையதில் ஆண்டு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், படம். இரண்டாம் பத்தியில் எம்.எஸ்.வி.யைத் தட்டினால் மூன்றாவதில் அவருக்கு எழுதியவர்கள் மட்டும் நிற்பார்கள். அதில் வாலியைத் தட்டினால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று சொல்லிவிட்டேன், ஆனால் கோப்புக்குள் விவரம் இருந்தால்தானே? அப்பாவின் பாட்டுகளைத் திறந்து பார்த்தால் பாட்டின் பெயருக்குப் பின்னால் ஏதோ ஒரு இணையதள முகவரி, பாடகர் இடத்திலும் அதே முகவரி. வகை என்ற இடத்தில் 'ப்ளூஸ்'. பி.சுசீலா எந்தக் காலத்தில் ப்ளூஸ் பாடினார் என்று முதலில் சிரித்தேன், அப்புறம்தான் காரணம் புரிந்தது. பாட்டின் விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் முறைக்கு ஐடி3 என்று பெயர். அதன் பழைய பதிப்பில் எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டுகளில்தான் விவரம் எல்லாம் இருக்கும். அதில் வகைக்கு ஒரே ஒரு பைட், ஒரு எண். பட்டியலில் பூஜ்யம் என்றால் ப்ளூஸ். யாரோ எதையும் நிரப்பாமல் பூஜ்யமாக விட்டதில் ஊர்ப் பாட்டெல்லாம் ப்ளூஸ் ஆகிவிட்டது.

அந்த முறையில் பெயருக்கு 30 பைட். தமிழை மனதில் வைத்துச் செய்ததே அல்ல. யு.டி.எப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதிப் பார்த்தால் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் போகும், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறி. ஆக மொத்தம் பத்துக் குறி. 'விஸ்வநாதன்' கச்சிதமாக 30 பைட்டில் உட்கார்ந்துவிடுவார். 'ராமமூர்த்தி'க்கு 33 வேண்டும். கடைசி இகரம் போய் 'ராமமூர்த்த' என்று நிற்பார். ஐடி3-யின் இரண்டாம் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை, குவாட் லிபெட் அதில்தான் எழுதுகிறது.

அந்த இருவரைச் சொன்னதும் இன்னொன்று. 1965 வரை இரட்டையர், பிறகு தனித்தனி. 'விஸ்வநாதன், ராமமூர்த்தி' என்று ஒரே வரியாக எழுதி வைத்தால் பிளேயருக்கு அது மூன்றாவதாக ஒரு ஆள். குவாட் லிபெட்டில் ஒரே டேக்குக்கு (பாடகர், இசையமைப்பாளர் போன்ற ஒரு விவரத்துக்கு) எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் கொடுக்கலாம். டேக் திருத்தும் சாளரத்தில் அந்த வரியின் மேல் வலது கிளிக் செய்து பல மதிப்பாகப் பிரிக்கச் சொன்னால் காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டி இரண்டு வரியாக்கிவிடும். இனி அந்தப் பாட்டு இருவர் பெயரிலும் வரும். ஜோடிப் பாட்டுக்கும் இதே வழிதான், எஸ்.பி.பி.யைத் தட்டினாலும் வரும், ஜானகியைத் தட்டினாலும் வரும். நான் இந்த மென்பொருளை விட்டுப் போகாததற்கு இந்த ஒன்று போதும்.

குறைகளும் உண்டு. முகம் பழைய பாணி, அட்டைப் படம் பளபளவென்று சுற்றும் அழகெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஆளின் பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருந்தால் நாலு ஆளாகத்தான் காட்டும், இளையராஜாவுக்கு ஆங்கிலத்தில் மட்டும் என்னிடம் ஐந்து எழுத்துக்கூட்டல் இருந்தது. நாலையும் தேர்ந்தெடுத்து ஒரே பெயராக மாற்றுவது நம் வேலை. பல மதிப்பு வைத்த கோப்புகளை என் கார் ஸ்டீரியோவில் போட்டால் முதல் பெயரை மட்டும் காட்டுகிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு எச்சரிக்கை. திருத்துவதெல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். நான் ஒருமுறை ஒரு படத்தின் ஆறு பாட்டைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்து, பட்டியலில் இருந்த முந்நூறையும் தேர்ந்தெடுத்து இசையமைப்பாளர் ரஹ்மான் என்று சேமித்துவிட்டேன். கே.வி.மகாதேவன் பாட்டெல்லாம் ரஹ்மான் கணக்கில். திரும்பப் பெறும் பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை. வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி இருந்ததால் தப்பித்தேன். நீங்களும் முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உபுண்டு என்றால் அதன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. கூடவே எக்ஸ் பால்சோ என்று டேக் திருத்த மட்டும் ஒரு தனிக் கருவியும் வரும். எட்டாயிரத்தையும் ஒரே மூச்சில் சரிசெய்ய உட்காராதீர்கள், நடுவில் விட்டுவிடுவீர்கள். அதிகம் கேட்கும் நூறு பாட்டில் தொடங்குங்கள்.

என் பாடலாசிரியர் பத்தியில் 'அன்நோன்' என்று ஒரு வரி இன்னும் நிற்கிறது, அதில் தொள்ளாயிரம் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதைத் தட்டி ஒவ்வொன்றாக ஓட விடுவேன். பல்லவி முடிவதற்குள் அப்பா பெயரைச் சொல்லிவிடுவார், நான் தட்டச்சு செய்வேன். போன வாரம் நாற்பது முடித்தோம். அதில் இரண்டுக்கு மட்டும் அம்மா உள்ளேயிருந்து "அது வாலி இல்ல" என்று குரல் கொடுத்தார்.