வேலூர் முகாம்களில் உள்ள ஈழத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் என்ன செய்யலாம்?

வேலூருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒருவர், மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும், பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறார்.

எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அங்கே எல்லாவற்றையும் விட அதிகம் தேவைப்படுவது, அரசு அலுவலகக் கவுன்டரில் கூட வந்து நிற்க ஓர் ஆள். சட்ட உதவித் தன்னார்வலராக அந்த முகாமுக்கும் அப்துல்லாபுரம் முகாமுக்கும் போய் வருகிறவள் நான். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களும் சரி, இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் சரி, பெரும்பாலும் காகிதத்தில் வெளிநாட்டவர்தான். மாநில அரசின் ஆணைகளை நம்பித்தான் அவர்களுடைய வாழ்க்கை ஓடுகிறது. அதனால் எந்தக் கவுன்டருக்குப் போனாலும் முதல் கேள்வி, "முகாம் அட்டையா?" என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே பாதிப்பேர் திரும்பிவிடுகிறார்கள், முக்கியமாகப் பெண்கள்.

இத்தனைக்கும் பலவீனமான நிலையில் இருப்பவர்களைக் காக்கும் நம் சட்டங்கள் பலவற்றில் குடியுரிமை ஒரு நிபந்தனையே இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 2005 'எந்தப் பெண்ணும்' என்று சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்று விளக்கும் இடத்தில் எந்த நாட்டவர் என்ற பேச்சே இல்லை. இலவச சட்ட உதவியும் அப்படித்தான். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் வருமானச் சான்று இல்லாமலே வழக்கறிஞர் கேட்கலாம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். மகளுக்கு மூளை முடக்குவாதம். பெரிய பெண் ஆகிவிட்டாள், இன்னும் இடுப்பில் தூக்கித்தான் போக வேண்டும். தாய்க்கு முதுகு போய்விட்டது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டு ஒரு கவுன்டருக்குப் பல தடவை போயிருக்கிறார். "முகாம்காரங்களுக்கு இது வராதும்மா" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "பிள்ளையத் தூக்கிக்கொண்டு இன்னும் எத்தினை தரம் அலையிறது அக்கா" என்றார் என்னிடம். எழுத்தில் மனு கொடுத்தீர்களா என்று கேட்டேன். மனு கொடுக்கலாம் என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு திங்கள்கிழமை, சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வுக் கூட்டத்துக்குப் போனோம். வெள்ளைத்தாளில் ஒரு பக்க மனு, முகாம் அட்டை ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், பழைய மருத்துவச் சீட்டுகள். அவ்வளவுதான். மனுவுக்கு எண் போட்டு ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதை அவர் நான்காக மடித்து, அட்டையோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். மனு எண் கையில் இருந்தால் எதிரில் இருப்பவரும் வாய்வார்த்தையில் அனுப்பிவிட முடியாது, காரணத்தை எழுதியாக வேண்டும். இந்த முறை பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பினார்கள், சான்றிதழும் கைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகைக்கு மனு போடவே அதற்குப் பிறகுதான் முடிந்தது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவர்தான். உடல் ஊனமுற்றவரே முன்நின்று நடத்திய வேலை அது. முகாமிலும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். யாருக்கு எது தேவை என்று வெளியிலிருந்து போகும் நாம் முடிவுசெய்யக் கூடாது. சக்கர நாற்காலி நன்கொடை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. வாசலில் முக்கால் அடிப் படி, கழிவறைக் கதவு குறுகல். நாற்காலி துணி காயவைக்கத்தான் பயன்பட்டது. அந்த வீட்டுப் பெண்ணையே கேட்டிருந்தால் முதலில் ஒரு சிமென்ட் சாய்தளம் கேட்டிருப்பார்.

குடும்ப வன்முறைதான் எல்லாவற்றிலும் கடினம். அடி வாங்குகிற பெண் போலீசுக்குப் போகத் தயங்குவது எல்லா ஊரிலும் உள்ளது. முகாமில் அதோடு இன்னொரு பயமும் சேர்கிறது. கணவர் மேல் வழக்கு வந்தால் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு விசாரிக்குமோ, வெளியே விடாமல் அடைத்து வைக்கும் சிறப்பு முகாமுக்கு அவரை அனுப்பிவிடுவார்களோ, குடும்பத்தின் பதிவே போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். முகாம் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் மாத உதவித்தொகையிலும் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று கணக்கு. தலைவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது ஒரு தாய்க்குச் சின்னக் கவலை இல்லை. அந்தப் பெண்களிடம் நான் சொல்வது இதுதான்: குடும்ப வன்முறைச் சட்டத்தில் கணவரைக் கைது செய்யச் சொல்லாமலே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம், பராமரிப்புத் தொகை கேட்கலாம். காவல் நிலையத்துக்குப் பதில் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். பெண்களுக்கான உதவி எண் 181க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இதைக் கேட்டு உடனே யாரும் கிளம்பி வருவதில்லை. சிலர் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். யோசிக்கட்டும். எப்போது என்று முடிவெடுக்க வேண்டியது அவர்கள், அவசரப்படுத்தினால் ஆபத்து அவர்களுக்குத்தான்.

காது கேளாத, மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அவர்களால் எளிதில் போய்ச் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு இதற்குத்தான். கொடுமை நடக்கிறது என்று தெரிந்த யாரும் நிர்வாக நடுவருக்கு (ஆர்.டி.ஓ. போன்ற அதிகாரிக்கு) தகவல் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவரே வர வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோவில் தனிக் குற்றம். "முகாம் மானம் போகும்" என்று பேசி முடிக்கப் பார்ப்பவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் உயிர் மாதிரி. இந்தியாவில் நடக்கும் எந்தப் பிறப்பையும் பதிவு செய்தாக வேண்டும், பெற்றோர் எந்த நாடாக இருந்தாலும். இலங்கைக் குடியுரிமையை உறுதிசெய்யவும் அது வேண்டும், இங்கே உரிமை கேட்கவும் அது வேண்டும். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான்.

நல்லது நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது தமிழக அரசு. உதவித்தொகையும் கூடியது. முகாம் வீடுகளைப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு மேல்மொணவூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள், 2023 செப்டம்பரில் திறப்பும் இங்கேயே நடந்தது. சின்ன அறையில் மூன்று தலைமுறை படுத்து, ராத்திரியில் பொதுக் கழிவறைக்கு வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்பப் பயந்தவர்களுக்கு, வீட்டோடு கழிவறை கிடைப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, எங்கே தொடங்குவது? நேராக முகாமுக்குள் போய்விடாதீர்கள், வெளியாட்களுக்கு அனுமதி வேண்டும். 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் (OfERR) என்ற தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர்களில் பலர் முகாம்வாசிகளே. அவர்களிடமும் முகாமின் மகளிர் குழுக்களிடமும் பேசுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் தன்னார்வலராக விண்ணப்பிக்கலாம், பயிற்சி கொடுப்பார்கள். பிள்ளைகளின் படத்தை எங்கேயும் போடாதீர்கள், யாருடைய கதையையும் பெயரோடு எழுதாதீர்கள்.

உங்களிடம் கார் இருந்தால் ரொம்ப நல்லது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் பஸ் மாறித்தான் போக வேண்டும், தூக்கிக்கொண்டு போக வேண்டிய பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.